விசுவமடு: அம்மம்மா வீட்டு ஒழுங்கை எங்கால் போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மிளகாய்க்கண்டு எழுதியது:

வன்னியில் விசுவமடுவில் இருந்தவர்கள், அங்கே சொந்தக்காரர் இருந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் ஒரு உதவி வேண்டும்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருந்து குளத்துப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் என் அம்மம்மா வீடு இருந்தது. படித்த வாலிபர் திட்டத்தில் அம்மப்பாவுக்குக் கிடைத்த காணி. 2009 தை மாதம் யுத்தத்தில் எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு அந்தத் துண்டு பல வருடம் ஆமியின் கம்பி வேலிக்குள் கிடந்தது. இப்போது விட்டிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் காணி இருக்கிறது, ஒழுங்கை இல்லை. வேலி, வேலிக்கு நட்ட கதிகால், மரம் ஒன்றும் இல்லை. டோசர் போட்டுச் சமப்படுத்தி நடுவால் நேராக ஒரு கிரவல் றோட்டுப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கை ஒருநாளும் நேராகப் போனதில்லை.

வீடு சின்ன வீடுதான். முன்னுக்கு விறாந்தை, இரண்டு அறை, சாமியறை. குசினி தனியாகப் பின்னால், மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக. கல்லால் குசினி கட்ட அம்மம்மா கடைசிவரை விடவில்லை. வீட்டை விடப் பெரியது களம். செத்தல் மிளகாய் காயப்போடுவதற்கு 1974இல் அம்மப்பா சீமெந்து போட்ட களம். வீட்டு நிலம் சாணி மெழுகின மண்ணாக இருக்கும்போது மிளகாய்க்குச் சீமெந்து போட்ட மனுசன் என்று அம்மம்மா அவரைச் சாகும்வரை சொல்லிக் காட்டினார். பங்குனி வெயிலில் களத்துக்குக் கிட்டப் போனாலே தும்மல் வரும். பொழுதுபட மிளகாயைக் கூட்டிக் குவித்துப் படங்கால் மூடுவார்கள். சீமெந்தில் சூடு ஆறாமல் இருக்கும், நாங்கள் வெறும் மேலோடு அதில் போய்ப் படுப்போம். முதுகெல்லாம் விதை ஒட்டும். அந்தக் கையால் கண்ணைக் கசக்கிவிட்டு நான் ஊரைக் கூட்டினது இன்றைக்கும் வீட்டில் பகிடி.

இப்போது அம்மா ஸ்காபரோவில், பெரியம்மா மல்லாவியில், சின்னமாமா வட்டக்கச்சியில். மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒழுங்கையைக் கீறித் தரச்சொன்னேன். மூன்று ஒழுங்கை வந்தது! அம்மாவின் படத்தில் வைரவர் சூலம் இருந்த பாலைமரம் எங்கள் படலைக்கு நேர் முன்னால். பெரியம்மாவின் படத்தில் அது இரண்டு வளவு தள்ளி. மாமா மரத்தையே போடவில்லை, பம்புக் கிணறும் மாட்டுப்பட்டியும்தான் போட்டிருக்கிறார்.

இது வெறும் ஆசைக்குக் கேட்பதில்லை. திரும்பி வரும் குடும்பங்கள் மாரிக்கு முதல் வேலி அடைக்கப் பார்க்கிறார்கள். அடைத்தால் அடைத்ததுதான். அந்த ஒழுங்கை எங்கே வளைந்தது, யார் யாருடைய காணிக்குள்ளால் போனது, யார் இருந்தீர்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வாய்க்கால்கரை எழுதியது:

தங்கச்சி, உங்கள் ஒழுங்கையை நான் சைக்கிளில் போய்த் தேய்த்தவன். எங்கள் ஐயாவும் அதே திட்டத்துக்காரர்தான், ஆனால் காணி வீதிக்கு மற்றப் பக்கம்.

முதலில் ஒன்று. திட்ட வரைபடத்தில் அந்த ஒழுங்கையைத் தேடி அலையாதீர்கள், அதில் அது இருக்காது. டட்லி சேனநாயக்க பிரதமராக இருந்த காலத்தில், 1965க்கும் 70க்கும் இடையில், உணவு உற்பத்தியைக் கூட்ட வேண்டும் என்று படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பொடியளுக்குக் காட்டை வெட்டிக் காணி கொடுத்தார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு எல்லாம் அப்படி வந்தவைதான். நில அளவையாளர் கீறினது எல்லாம் நேர்கோடு. ஒவ்வொரு காணிக்கும் முகப்பில் ஒரு திட்ட றோட்டு, பின் எல்லையும் பின் எல்லையும் முதுகோடு முதுகு. ஆனால் குளத்துக்குப் போகவும் பள்ளிக்கூடத்துக்குப் போகவும் அந்த றோட்டால் சுற்றினால் பாதிநாள் போய்விடும். அதனால் பின் எல்லையில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டு உண்டான குறுக்குவழிதான் உங்கள் ஒழுங்கை. அந்த ஒழுங்கையில் காணி இருந்த எங்கள் மாமா ஆறு அடி விட்டார். எதிர்ப்பக்கத்தார் மூன்று அடி விட்டுவிட்டு ஆறு என்று சொல்லித் திரிந்தார்கள்.

1974இல் களத்துக்குச் சீமெந்து போட்டார் என்றால் நம்பலாம். பிரதமர் சிறிமாவோ அம்மையார் மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கின காலம் அது. செத்தல் மிளகாய்க்கு இருந்த விலையைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிளறிக்கல் (எழுதுவினைஞர்) மாப்பிள்ளையைத் தட்டிவிட்டு விசுவமடுத் தோட்டக்காரனுக்குப் பெண் கொடுத்தார்கள். காட்டுக்குள் போகிறான் என்று அழுத தாய்மார்தான் பிறகு தரகரை அனுப்பினார்கள். 1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் திறந்துவிட, எல்லாம் இறங்கினது. கல்வீடு கட்ட அத்திவாரம் போட்டு அப்படியே விட்ட வளவுகள் உங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன.

பாலைமரம் பற்றிப் பெரியம்மா சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். மரத்தைச் சுற்றித்தான் ஒழுங்கை வளைந்தது. வைரவர் இருக்கிற மரத்தைத் தறிக்க யாரும் துணியவில்லை, அதனால் வேலிதான் விலகினது.

மேலிருந்து பார்ப்பவன் எழுதியது:

வணக்கம் அக்கா. கூகிள் எர்த்தைக் கைபேசியில் பார்க்காமல் கணினியில் போட்டுப் பாருங்கள். பழைய வருடப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிற வசதி அதில் இருக்கிறது. மாரிப் படம் சரிவராது, எல்லாம் ஒரே பச்சை. ஆடி, ஆவணிப் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள். கோடையில் ஆள் நடக்கிற பாதை வெளிறின கோடாகத் தெரியும். கதிகால் வேலி என்றால் மெல்லிய கறுப்பு வரி. தென்னை நட்சத்திரம் போல விரிந்து கிடக்கும், பனையைப் பெரும்பாலும் நிழலை வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

சீமெந்துக் களம் இருந்தது என்றீர்களே, அது வெயிலில் பளிச்சென்று வெள்ளைச் சதுரமாக விழும். கூரை போல நிழல் விழாது. அதைக் கண்டுபிடித்தால் மிச்சம் எல்லாவற்றையும் அதிலிருந்து அளக்கலாம். இடத்தை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், நானும் தேடுகிறேன். பொதுவில் போடவேண்டாம்.

கம்பிக்கு வெளியே எழுதியது:

யாரும் கோபிக்க வேண்டாம், நான் அங்கேயே இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நேராக ஒரு றோட்டுச் சும்மா கிடைத்திருக்கிறது. பவுசர் வருகிறது, லாண்ட்மாஸ்டர் வருகிறது, இரவில் ஒருவருக்குப் பாம்பு கடித்தால் ஓட்டோ வாசலுக்கு வருகிறது. இதை விட்டுவிட்டு வளைந்து நெளிந்த பழைய ஒழுங்கையைத் தேடி என்ன செய்யப் போகிறீர்கள்? படம் கீறித் தந்த மூன்று பேரில் யாராவது இங்கே வந்து குடியிருக்கப் போகிறார்களா? வெளிநாட்டுக்காரருக்கு நினைவு, எங்களுக்கு வேலி. அவ்வளவுதான்.

மிளகாய்க்கண்டு எழுதியது:

அண்ணை, நேர் றோட்டு நல்லதுதான். ஆனால் அது எங்கள் களத்துக்கு மேலாலும், பக்கத்து வளவுக் கிணற்றை மூடியும் போகிறது. நேர் றோட்டை வைத்து வேலி அடைத்தால் பின்னால் இருக்கிற இரண்டு காணிக்கு வாசல் இல்லை. அதில் ஒன்றில் குடியிருக்கப் போவது நான். கிளிநொச்சியில் வாடகை கொடுத்துக் களைத்துவிட்டேன்.

மருமகன் எழுதியது:

இந்தக் களத்தை எனக்குத் தெரியும்! சொந்தத்தால் தெரியாது, இடம்பெயர்ந்து போனதால் தெரியும். நாங்கள் 1995 ஐப்பசி 30 வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட ஆட்கள். தென்மராட்சியில் சில மாதம், பிறகு கிளாலிக் கடலேரியால் வள்ளத்தில் வன்னிக்கு. கிளிநொச்சியில் இருந்து எழும்பி 1996 புரட்டாதியில் விசுவமடு. உங்கள் ஒழுங்கையில் அப்போது வேலிக்கு வேலி கொட்டில். தறப்பாளும் கிடுகும் காட்டுத்தடியும்தான். நாங்கள் இருந்தது பாலைமரத்துக்குக் கீழே, வைரவருக்கு அயல். மரம் இரண்டு வளவு தள்ளித்தான், அதில் சந்தேகம் வேண்டாம். மழைநாளில் அந்த மரத்தின் வேருக்கு மேலே என் பாயை விரித்து நான் படுத்திருக்கிறேன்.

பின்னேரத்தில் அந்தக் களத்தில்தான் வகுப்பு நடந்தது. மண்ணெண்ணெய் கிடையாது, பொருளாதாரத் தடை. ஆளுக்கு ஒரு ஜாம் போத்தல் விளக்கு: உள்ளே கொஞ்சம் பஞ்சு, ஒரு மூடி அளவு எண்ணெய், கம்பியில் மாட்டின திரி. பத்துப் பிள்ளைகள் வட்டமாக இருந்தால் ஐந்து விளக்குத்தான் கொளுத்த வேண்டும், மற்ற ஐந்தும் அடுத்த நாளைக்கு. படிப்பித்தவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்து வந்த ஒரு வாத்தியார்தான். களம் பகல் முழுக்க மிளகாய் காய்ந்த இடம், தும்மலோடுதான் அட்சரகணிதம் படித்தோம். முடிய ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து மிதியைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாடும், பி.பி.சி. தமிழோசைச் செய்தி. கை நோகும்போது செய்தியும் இழுபடும். உங்கள் அம்மம்மா விறாந்தையில் இருந்து "டேய், வேகமாய்ச் சுத்தடா, ஆர் செத்தது எண்டு விளங்கேல்லை" என்று கத்துவார். அந்த மாரியில் எங்கள் கொட்டிலில் மலேரியா வராத ஆள் இல்லை, கஞ்சி வந்தது உங்கள் மண்குசினியில் இருந்துதான்.

எனக்கு அந்த வீட்டு ஆட்களின் பெயர் தெரியாது. நாங்கள் "களத்து ஆச்சி" என்றுதான் சொல்வோம். இருக்கிறாரா?

மிளகாய்க்கண்டு எழுதியது:

இல்லை அண்ணை. மெனிக் பாம் முகாமில் இருந்து வந்த பிறகு வட்டக்கச்சியில் மாமாவோடு சில வருடம் இருந்தார். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கஞ்சிப் பானை நினைவிருக்கிறதாம். நீங்கள் சொன்ன குரல் அச்சொட்டாக அவவின் குரல்.

வீடு போன கதையையும் எழுதிவிடுகிறேன். குண்டு விழுந்து போகவில்லை. நாங்களே கழற்றினோம். 2008 மார்கழியில் கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் எல்லாம் எங்கள் பக்கம் வந்து நிற்கும்போதே மாமா ஏணி வைத்துவிட்டார். அடுத்த இடத்தில் கொட்டில் போடத் தகரமும் ஓடும் வேண்டும், விட்டுவிட்டுப் போனால் திரும்ப வாங்க முடியாது என்பது 1990களில் ஓடின எல்லாருக்கும் தெரிந்த பாடம். ஓட்டை ஒவ்வொன்றாகக் கை மாற்றி இறக்கி, இடையில் வைக்கோல் வைத்து உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கினோம். நிலை, கதவு, யன்னல் எல்லாம் பெயர்த்தாயிற்று. கூரை இல்லாத வீட்டில் சாமியறைச் சுவரின் திருநீற்றுக் குறி மட்டும் வெயிலில் தெரிந்தது. அம்மம்மா அந்தச் சுவரைக் கூட்டிவிட்டுத்தான் பெட்டியில் ஏறினார். வெறும் சுவரை ஏன் கூட்டுகிறாய் என்று மாமா கத்தினார்.

அந்த ஓடு உடையார்கட்டு வரைக்கும் வந்தது. இரணைப்பாலையில் பங்கருக்கு மேலே அடுக்கினோம். அதற்குப் பிறகு யாரும் ஓட்டைப் பற்றிக் கதைக்கவில்லை.

தண்ணீர் பம்பை மட்டும் மாமா கொண்டுவரவில்லை. கிறீஸ் பூசிப் பொலித்தீனில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டார். மாமாவின் படத்தில் கிணறு மட்டும் அவ்வளவு வடிவாக, அளவோடு இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

மேலிருந்து பார்ப்பவன் எழுதியது:

பம்பைத் தோண்டுகிற கதை இருந்தால், கண்ணிவெடி அகற்றின இடம் என்று எழுத்தில் பார்க்காமல் மண்வெட்டி வைக்க வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள் அக்கா. மேலே டோசர் ஓடினது என்பதற்காகக் கீழே ஒன்றும் இல்லை என்று ஆகாது.

கடைசிக்கொட்டில் எழுதியது:

இந்த இழையை வாசித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். சரி, எழுதுகிறேன்.

உங்கள் மூன்று படத்திலும் ஒழுங்கை எங்கே முடிகிறது அக்கா? குளத்தில் என்று போட்டிருப்பீர்கள். குளக்கட்டுக்கு முன்னால், ஒழுங்கையின் கடைசியில், நாலைந்து கொட்டில் இருந்தது. அதில் ஒன்று எங்கள் தாத்தாவுடையது. மலையகத்தில் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்து 1974இல் வந்தவர். தோட்டத்தில் பஞ்சம். மரவள்ளிக்கும் வழியில்லாமல் லயத்தை விட்டு இறங்கின காலம். வன்னியில் மிளகாய் ஆயக் கூலி கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி வந்தார்கள். 1977 ஆவணிக் கலவரத்துக்குப் பிறகு அவருடைய தம்பி குடும்பமும் வந்து சேர்ந்தது. வாய்க்கால்கரை ஐயா சொல்வது போல மிளகாய்க்கு விலை விழுந்ததும் அந்த நேரம்தான். கூலியும் விழுந்தது.

அந்தக் களத்தில் காய்ந்த மிளகாயை ஆய்ந்து, சாக்கில் கட்டித் தலையில் தூக்கி வந்தது எங்கள் அம்மாயி. ஒழுங்கைக்கு யார் எத்தனை அடி விட்டார்கள் என்று நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். அம்மாயி சொல்கிற கதை வேறு. அவர்கள் வந்தபோது பின்பக்கம் வேலியே இல்லை, பற்றைக்காடு. காலையில் கொட்டிலில் இருந்து தோட்டத்துக்கும் மாலையில் திரும்பக் கொட்டிலுக்குமாக அவர்கள் நடந்த தடம்தான் அது. பிறகுதான் அந்தத் தடத்துக்கு இரண்டு பக்கமும் கதிகால் போட்டார்கள். பாலைமரத்தைச் சுற்றி வளைந்ததும் வைரவருக்காக இல்லையாம். பாலைப்பழக் காலத்தில் பழம் பொறுக்கப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தால் போய்ப் போய்ப் பாதையே அந்தப் பக்கம் இழுபட்டுவிட்டது. சூலம் பிறகு வந்தது.

எங்கள் பெயரில் துண்டு இல்லை. பிரஜாவுரிமை இல்லாத ஆளுக்குக் காணி அனுமதிப்பத்திரம் யார் கொடுப்பார்? தாத்தா 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டவர், போகவும் இல்லை. 2003இல் சட்டம் வந்து அம்மாயிக்குப் பிரஜாவுரிமை கிடைத்தபோது தாத்தா இல்லை. ஆறு வருடத்தில் இடமும் இல்லை. இப்போது நாங்கள் இருப்பது தருமபுரத்தில். உங்களுக்குத் திரும்பி வர ஒரு காணி இலக்கமாவது இருக்கிறது. கொட்டில் இருந்த இடம் குளத்து ஒதுக்கு நிலம், அதைக் கேட்டு எங்கே போவது?

படலையடி எழுதியது:

தம்பி, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் வீடிழந்தவர்கள் கதைக்கிற இடத்தில் இதையும் கொண்டுவந்து பிரிக்க வேண்டாம். அந்த ஒழுங்கையில் எங்கள் சொந்தமும் இருந்தது. எல்லாரும் ஒரே பானையில் சாப்பிட்ட ஊர் அது. உங்கள் ஆட்களுக்கு ஒருநாளும் பசி இருந்ததில்லை.

கடைசிக்கொட்டில் எழுதியது:

ஒரே பானைதான் ஐயா. குடிக்கிற பேணி வேறு. வீட்டுக்காரருக்கு மூக்குப்பேணி, எங்களுக்கு மீன்ரின்னை நெளித்துச் செய்த தகரப்பேணி. குசினிக்குப் பின்னால் வேலிக் கதிகாலில் கவிழ்த்துக் கிடக்கும். குடித்துவிட்டு அம்மாயியே கழுவித் திரும்பக் கவிழ்க்க வேண்டும். கஞ்சி நல்ல கஞ்சி, களத்து ஆச்சி கைக்கணக்கு இல்லாமல் ஊற்றுவார் என்று அம்மாயி இன்றைக்கும் சொல்வார். இரண்டையும் சொல்வார். நானும் இரண்டையும் எழுதினேன்.

மிளகாய்க்கண்டு எழுதியது:

நேற்று மூன்று பேரையும் ஒன்றாகத் தொலைபேசியில் எடுத்தேன், பெரிய கூத்து. அம்மா, எங்கள் வீட்டில் அப்படிப் பேணி இருந்ததே இல்லை என்றார். பெரியம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, இருந்தது, கிளுவைக் கதிகாலில் இடமிருந்து இரண்டாவது, மழைத்தண்ணீர் தேங்கி அதில் நுளம்பு முட்டை போடும் என்று நான்தான் தட்டிவிடுவேன் என்றார். நீ கனடா போய் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிட்டாய் என்று அம்மாவுக்கு ஏச்சு. அம்மா தொடர்பைத் துண்டித்துவிட்டு அரை மணித்தியாலத்தால் திரும்ப எடுத்து, குளக்கட்டுப் பக்கத்தில் தன்னோடு பாலைப்பழம் பொறுக்க வந்த ஒரு பிள்ளை இருந்தது, ஒரு காது மட்டும் குத்தியிருக்கும், அது ஆர் என்று கேள் என்றார்.

தம்பி, கேட்டுச் சொல்வீர்களா? பெரியம்மாவின் படத்தில் கொட்டில்களைப் போட்டிருக்கிறேன். எத்தனை, எந்த ஒழுங்கில் என்று உங்கள் அம்மாயிதான் சொல்ல வேண்டும்.

மாமா ஒன்றும் பேசவில்லை. கடைசியில் "கிணத்தை ஆரும் இன்னும் காணேல்லையோ" என்றார்.

வாய்க்கால்கரை எழுதியது:

தடம் முதலில், வேலி பிறகு என்றால் எங்கள் மாமாவின் ஆறு அடிக் கதையும் பொய்யாகாது. நடந்த தடத்தை அடைத்து வேலி போடாமல் விட்டதும் ஒரு விடுதல்தான். ஆனால் தானமாகக் கொடுத்தோம் என்று மார்தட்டினது கொஞ்சம் கூடத்தான். எங்கள் ஊரில் ஒழுங்கை வந்த கதையை எந்த வீட்டில் கேட்டாலும் அந்த வீடுதான் கொடுத்ததாக இருக்கும், அதைக் கழித்துத்தான் கேட்க வேண்டும்.

இனி வேலையைப் பார்ப்போம். களத்தின் ஒரு மூலையாவது கிரவலுக்குக் கீழே இருக்கும், டோசர் சீமெந்தை உடைக்கும், முழுக்கக் கொண்டுபோகாது. கிணற்றின் கட்டு வளையமும் அப்படித்தான். இந்த இரண்டையும் கண்டுபிடித்துவிட்டு, ஒருவரிடம் அளவுச் சங்கிலி கொடுத்து அளந்து பாருங்கள். திரும்பி வந்த குடும்பங்கள் எல்லாம் ஒரு தாளில், இந்த இடத்தால் இத்தனை அடி பாதைக்கு விடுகிறோம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துக் கிராம அலுவலருக்கு ஒரு பிரதி கொடுங்கள். அத்தோடு நிற்காமல் பிரதேச சபையின் வீதிப் பட்டியலில் ஏற்றச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். போனமுறை அது எந்தத் தாளிலும் இல்லாததால்தான் இன்றைக்கு மூன்று படத்தை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். குளக்கட்டு வரைக்கும் என்று எழுதுங்கள், நடுவில் நிறுத்த வேண்டாம். கொட்டில் ஆட்களுக்கு இன்றைக்குக் காணி இல்லாவிட்டாலும், அங்கே இருந்தார்கள் என்பதற்கு ஒரு தாளாவது இருக்கட்டும்.

மேலிருந்து பார்ப்பவன் எழுதியது:

அக்கா அனுப்பின இடத்தில் பழைய கோடைப் படம் ஒன்று கிடைத்தது. வெள்ளைச் சதுரம் இருக்கிறது, களமாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மேற்கே ஒரு கறுப்புப் புள்ளி, கிணறு. மாமாவின் படத்தோடு வைத்துப் பார்த்தேன், மற்ற இரண்டு படத்தையும் விட அவருடையதுதான் ஒத்துவருகிறது. பம்பின் மகிமை. வெளிறின கோடு ஒன்று வீதியில் இருந்து வந்து ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வளைந்து குளக்கட்டு வரை போகிறது. மரம் வீட்டில் இருந்து இரண்டு வளவு தள்ளித்தான். கோட்டின் கடைசியில் கட்டுக்குக் கிட்ட ஐந்து சின்னச் சதுரம் மங்கலாகத் தெரிகிறது. கூரையா பற்றையா என்று அடித்துச் சொல்லமாட்டேன். படத்தைத் தம்பிக்கும் அனுப்பினேன்.

கடைசிக்கொட்டில் எழுதியது:

அம்மாயிக்குக் காட்டினேன். கைபேசியில் படம் விளங்கவில்லை, அச்சடித்துப் பெரிதாகக் கொண்டுவா என்கிறார். ஆனால் ஐந்து என்றதும் சிரித்தார். நாலு வீடு, ஒன்று ஆட்டுக்கொட்டிலாம். ஒரு காது குத்தின பிள்ளை எங்கள் பெரியத்தை. மற்றக் காதுக்குத் தோடு வாங்கக் காசு சேரவில்லை. இப்போது உருத்திரபுரத்தில் இருக்கிறார், பேரப்பிள்ளை கண்டாயிற்று. அக்காவின் அம்மாவுடைய இலக்கத்தைக் கேட்டார், தனிமடலில் அனுப்புங்கள்.

கம்பிக்கு வெளியே எழுதியது:

நேற்றுப் பின்னேரம் அந்தப் பக்கம் போனேன், சும்மாதான். கிரவல் ஓரத்தில் காலால் தட்டிப் பார்த்தால் ஒரு இடத்தில் சீமெந்து சத்தம். மூலை ஒன்று தெரிகிறது, வாய்க்கால்கரை ஐயா சொன்னது சரி. தடி ஒன்று நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், சிவப்புத் துணியைக் கண்டால் சனம் வெடி என்று ஓடும், இன்றைக்குப் போய் நீலம் மாற்றினேன்.

அளக்கிற நாளைச் சொல்லுங்கள், சங்கிலி நான் கொண்டுவருகிறேன். ஆனால் ஒன்று, பழைய ஒழுங்கை ஒன்பது அடி என்று அதையே விட்டுவிட்டு இருக்கப் பார்க்காதீர்கள். அது வண்டில் போன காலம். பவுசர் பாலைமரத்து வளைவில் திரும்ப வேண்டும் என்றால் பதினைந்து அடியாவது வேண்டும். மரம் இல்லாவிட்டாலும் வளைவு இருக்கும்தானே? எதிர்ப்பக்கக் காணிக்காரர் போனமுறை மூன்று அடிதான் விட்டார்கள் என்றால் இந்தமுறை அவர்களிடம்தான் கூடக் கேட்க வேண்டும். அந்த வீட்டு மூத்தவர் என்னோடு ஏ.எல். படித்தவர், நான் கதைக்கிறேன்.